அடுத்த வெட்டுக்கு முன்: பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பொது ஒலிபரப்புக்காக, அதாவது மக்கள் பணத்தில் நடக்கும் வானொலி, தொலைக்காட்சிக்காக, வீடுகள் கட்டும் கட்டணத்தைக் குறைப்பதா, வரியில் சேர்ப்பதா, ஒரேயடியாக எடுத்துவிடுவதா என்று முடிவு செய்கிறவர்கள் அமைச்சர்கள். ஆனாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் உங்கள் பக்கம் நின்று வாதாடுகிற கூட்டத்தில் நானும் ஒரு ஆள். "யார் பார்க்கிறார்கள் அதை? தண்டச்செலவு" என்று சொல்கிற நண்பர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் உங்களுக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். வர வர அந்த வாதம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. பழியை முழுக்க அமைச்சர்கள் தலையில் போட்டுவிட முடியாது. உங்கள் பங்கும் அதில் இருக்கிறது, கொஞ்சநஞ்சமல்ல.

காசிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் ஒரு வீட்டுக்கான உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. ஜெர்மனியில் 2021 ஆகஸ்டில் மாதம் 18.36 யூரோ ஆக்கினார்கள். வீட்டில் டிவி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, வீடு என்று ஒன்று இருந்தால் கட்டியாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2021 முதல் ஆண்டுக்கு 335 ஃபிராங்க். ஜப்பானில் 2023 அக்டோபரில் குறைத்த பிறகு தரைவழி ஒளிபரப்புக்கு மாதம் 1,100 யென்.

இந்தத் தொகைகளை நியாயப்படுத்த நீங்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறீர்கள். ஆண்டுத் தொகையை 365-ஆல் வகுத்து, "ஒரு நாளைக்கு இவ்வளவுதான்" என்று நோட்டீஸ் அடிக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் ஏபிசி, வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம், 1980-களிலேயே "ஒரு நாளைக்கு 8 சென்ட்" என்று பிரசாரம் செய்தது. இப்போது ஓடிடி சந்தாக்களைப் பக்கத்தில் வைத்து, அதைவிட நாங்கள் மலிவு என்கிறீர்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். ஓடிடி பிடிக்கவில்லை என்றால் மாதக் கடைசியில் ரத்து செய்துவிடலாம். உங்கள் கட்டணத்தை அப்படிச் செய்ய முடியாது. ரத்து செய்ய முடியாத ஒன்றை, ரத்து செய்யக்கூடிய ஒன்றோடு சேர்த்து விலை பேசினால் கேட்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். இன்னொன்று: அந்த 365 வகுத்தல், கட்டுகிறவரின் சம்பளத்தை மறைத்துவிடுகிறது. மாளிகையில் இருப்பவருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரே தொகை. ஒருவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். இன்னொருவர் எந்தக் கடனைத் தள்ளிப் போட்டு இதைக் கட்டுவது என்று யோசிப்பார்.

அந்த இரண்டாமவர் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? பிரிட்டனில் அது குற்றவியல் வழக்கு. அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். தண்டனை பெற்றவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பெண்கள் அதிகம் ஏய்க்கிறார்கள் என்பது இதற்குப் பொருளில்லை. சோதனைக்கு வருகிறவர் கதவைத் தட்டுகிறார். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது யார், கதவைத் திறப்பது யார், நின்று மரியாதையாகப் பதில் சொல்வது யார்? பெரும்பாலும் ஒரு பெண். குழந்தைகளோடு தனியாக இருக்கும் பெண் என்றால், பெயர் எழுதிக்கொள்ள அந்த வீட்டில் வேறு பெரியவரே கிடையாது. இதை ஆராய்ந்து அறிக்கையெல்லாம் வெளியிட்டீர்கள். அறிக்கைக்குப் பிறகும் தட்டப்படுகிற கதவுகள் அதே கதவுகள்தான்.

75 வயதைத் தாண்டியவர்களின் கதையும் இப்படித்தான். 2000-லிருந்து அவர்களுக்கு உரிமம் இலவசம், செலவை அரசு ஏற்றது. 2015-ல் அரசு அந்தச் சுமையை பிபிசியின் தலையில் மாற்றி வைத்தது, பிபிசியும் தலையாட்டியது. 2020 ஆகஸ்டில், ஓய்வூதிய உதவித்தொகை பெறும் ஏழை முதியவர்களுக்கு மட்டும் என்று சலுகை சுருங்கியது. அரசு செய்தது தந்திரம். ஆனால் மூடிய அறைக்குள் நடந்த அந்தப் பேரத்தில் கட்டணம் கட்டும் வீடுகளின் சார்பில் யாரும் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறு வழி இல்லாமல் இல்லை. பின்லாந்து 2013-ல் வீட்டுக்கட்டணத்தை எடுத்துவிட்டு, வருமானத்துக்கு ஏற்ற தனி வரியாக மாற்றியது. குறைந்த வருமானக்காரர் எதுவும் கட்ட வேண்டாம், பணக்காரருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. ஸ்வீடன் 2019-ல் அதே பாதைக்கு வந்தது: வருமானத்தில் 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு. இத்தாலி 2016-ல் கட்டணத்தை கரண்ட் பில்லோடு சேர்த்தது. கட்டாமல் நழுவியவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள், 113.50 யூரோவாக இருந்த தொகை 100 ஆகி, 2017-ல் 90-க்கு இறங்கியது. எல்லோரும் கட்டினால் ஒவ்வொருவரும் குறைவாகக் கட்டலாம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா? ஜப்பானில் வீடு வீடாகப் போன வசூல்காரர்கள் மீது மக்களுக்கு இருந்த கோபம் எவ்வளவு என்றால், அந்நாட்டுப் பொது ஒலிபரப்பான என்எச்கே-யை எதிர்ப்பது ஒன்றையே கொள்கையாகக் கொண்ட கட்சி 2019-ல் மேலவையில் ஓர் இடத்தையே பிடித்துவிட்டது.

இத்தனையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அரசோடு பேச உட்காரும்போதெல்லாம் தொகைக்காகத்தான் போராடுகிறீர்கள். அது எப்படி வசூலாகிறது என்பதற்காக நீங்கள் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை.

சரி, கட்டுகிற காசுக்கு இது தகுமா?

2015-ல் பிபிசி ஒரு சோதனை நடத்தியது. 70 வீடுகளைத் தேர்ந்தெடுத்து, 9 நாட்களுக்கு பிபிசியின் தொலைக்காட்சி, வானொலி, இணையம் எதையும் தொடக்கூடாது என்றார்கள். அந்த 9 நாட்களுக்கான கட்டணம் 3.60 பவுண்டைக் கையில் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டணமே வேண்டாம், அல்லது குறைக்க வேண்டும் என்று முதலில் சொன்ன வீடுகள் 48. அவற்றில் 33 வீடுகள், 9 நாள் முடிந்ததும், முழுக் கட்டணமே கட்டலாம் என்று மனம் மாறின. பிபிசி இதைப் பெருமையோடு வெளியிட்டது. தன் பரிட்சைத் தாளைத் தானே திருத்திக்கொண்டது என்ற முணுமுணுப்பும் எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. என் சங்கடம் வேறு. 9 நாட்களில் தெரியவருவது பழக்கம். காலையில் வானொலி இல்லாமல் கை ஒடிந்தது போல இருந்திருக்கும், ராத்திரி வழக்கமான நாடகம் இல்லாமல் பொழுது போயிருக்காது. பழக்கத்தைப் பணத்தால் அளந்துவிடலாம். எந்த ஓடிடி நிறுவனமும் அதைச் செய்யும். ஒரு பொது ஒலிபரப்பின் மதிப்பில் பெரும்பகுதி, ஒரு வீடு சாதாரண வாரத்தில் தொடவே தொடாத இடங்களில் இருக்கிறது.

2024 ஜனவரி 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் புத்தாண்டு விடுமுறை, மாலை 4 மணி 10 நிமிடம். நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. என்எச்கே-யின் அறிவிப்பாளர் வழக்கமான நிதானக் குரலை விட்டுவிட்டுக் கத்தினார். இப்போதே ஓடுங்கள், உயரமான இடத்துக்குப் போங்கள், திரும்பி வராதீர்கள் என்று அதட்டலாக, மறுபடி மறுபடி. கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கத்தல் தற்செயலாக வந்ததில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவின்போது அமைதியான குரலில் எச்சரித்தார்கள். அந்த அமைதியே ஆபத்தின் அளவை மறைத்துவிட்டதோ என்ற கேள்வி பிறகு எழுந்தது. அதன்பின் எச்சரிக்கையின் வார்த்தைகளை மாற்றினார்கள், தொனியை மாற்றினார்கள், அறிவிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஒரு மாலைக்காக ஆண்டுக்கணக்கில் ஒத்திகை. இதற்கு எந்த விளம்பரதாரர் பணம் கொடுப்பார்? 1,100 யென்னில் எத்தனை யென் அந்தக் குரலுக்கானது என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காளராலும் முடியாது.

அவ்வளவு பரபரப்பில்லாத உதாரணமும் உண்டு. 2021 ஜனவரியில் பிரிட்டனில் பெருந்தொற்றால் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டபோது, பிபிசி சில நாட்களிலேயே தொலைக்காட்சியில் பாடம் நடத்த ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் 3 மணி நேரம், பெரிய பிள்ளைகளுக்குக் குறைந்தது 2 மணி நேரம். வீட்டில் மடிக்கணினி இல்லாத பிள்ளைக்கு, டேட்டாவுக்குக் காசில்லாத பிள்ளைக்கு, டிவிப் பெட்டியே வகுப்பறை. அந்தப் பிள்ளையின் அம்மா முந்தைய ஆண்டு கட்டணம் கட்டமுடியாமல் திணறியவராகக்கூட இருந்திருக்கலாம்.

சுவிட்சர்லாந்தில் ரோமான்ஷ் என்றொரு மொழி. பேசுகிறவர்கள் சுமார் 60,000 பேர். நாட்டு மக்கள்தொகையில் 1 சதவீதம்கூடத் தேறாது. அந்த மொழியில் வானொலியும் தொலைக்காட்சிச் செய்தியும் இருக்கின்றன என்றால் அதற்கு ஜெர்மன் பேசும் வீடுகளின் கட்டணமே காரணம். சந்தையை நம்பியிருந்தால் முதல் வாரமே கடையை மூடியிருப்பார்கள். 2018 மார்ச் 4-ல் கட்டணத்தையே ஒழித்துவிடலாமா என்று சுவிஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 71.6 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். ரோமான்ஷில் ஒரு வாக்கியம்கூடப் புரியாத லட்சக்கணக்கானவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். தனக்குப் பயன்படாததற்கும் மக்கள் காசு கொடுப்பார்கள், அது எதற்கு என்று புரிந்தால்.

இனி என் உண்மையான குறைக்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் வேறு யாரும் செய்யாதவை. வீடுகளிடமிருந்து கட்டாயமாகக் காசு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறதென்றால் அது இவற்றால்தான். ஆனால் பணம் குறையும்போதெல்லாம் உங்கள் கத்தரி முதலில் பாய்வது இவற்றின் மேல்தான்.

2017-ஐப் பாருங்கள். ஜனவரி 31-ல் ஏபிசி தன் சிற்றலை (ஷார்ட்வேவ்) ஒலிபரப்பை நிறுத்தியது. மிச்சமாகும் தொகை ஆண்டுக்கு 19 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். நூறு கோடி டாலரைத் தாண்டிய வரவு செலவில் அது எந்த மூலைக்கு? வடக்கு நிலப்பகுதியின் மாட்டுப் பண்ணைகள், கடலில் இருக்கும் மீனவர்கள், ஒதுக்குப்புறத்து ஆதிக்குடிகள், பசிபிக் தீவுகள் என்று அதை நம்பியிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். புயல் எச்சரிக்கை அவர்களுக்கு அதில்தான் வந்துகொண்டிருந்தது. எஃப்எம், இணையம், செயற்கைக்கோள் எல்லாம் இருக்கின்றனவே என்று பதில் வந்தது. அதெல்லாம் எட்டாத இடத்தில் இருப்பதால்தானே அவர்கள் சிற்றலை கேட்டார்கள்?

அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. இதைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் ஆகாது. தமிழில் எழுதுகிற யாராலும் ஆகாது என்றே நினைக்கிறேன். 1941-ல் தொடங்கிய சேவை. இரவு ஒன்பதே காலுக்கு, கரகரப்புக்கு நடுவில் முள்ளை இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தி அந்தக் குரலைப் பிடித்தவர்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள். ஈழத்தில் போர்க்காலத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிப் பெட்டியை ஓட்டிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். உடனே இன்னொருவர் மாற வேண்டும். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று லண்டனிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அது.

இங்கே ஒரு சிக்கலான கேள்வி உண்டு, அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. அந்தப் பெடல் சுற்றியவர்கள் பிபிசிக்கு ஒரு காசு கட்டியதில்லை. கட்டிய பிரிட்டிஷ் வீட்டுக்குத் தமிழோசை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அவர் ஏன் கட்ட வேண்டும்? நெடுங்காலம் இதற்கு நியாயமான பதில் இருந்தது: வெளிநாடுகளுக்குப் பல மொழிகளில் ஒலிபரப்பும் பிபிசி உலகச் சேவையின் செலவை வெளியுறவு அமைச்சகம் ஏற்றது. 2014-ல் அதை உரிமக் கட்டணத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பிறகு அரசின் உதவி ஒரு பகுதி மட்டும் திரும்ப வந்தது. ஒரு நாடு உலகத்தோடு பேசுவதற்கான செலவு அந்த நாட்டின் கருவூலத்தைச் சேர்ந்தது. ஒற்றை அறை வாடகைக்காரர் தலையில் அதைக் கட்டுவது தவறு. தமிழோசையால் பயனடைந்த இனத்தைச் சேர்ந்தவனாக இருந்தும் இதைச் சொல்கிறேன். உங்கள் குழுக்கள் அன்றே இதை மறுத்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு, பாரம் தாங்கவில்லை என்று பிறகு மொழிகளை வெட்டினீர்கள்.

வெட்டின் விளைவு தெரிய நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. 1938-ல் தொடங்கிய பிபிசி அரபு வானொலியை 2023 ஜனவரியில், 85 ஆண்டுகளுக்குப் பிறகு, மூடினார்கள். மூன்று மாதத்தில் சூடானில் போர் வெடித்தது. மே மாதம் சூடானுக்கென்று அவசர வானொலிச் சேவை ஒன்றை அரபியில் தொடங்க வேண்டி வந்தது. நவம்பரில் காசாவுக்காக இன்னொன்று. லெபனானில் பிபிசி அரபு வானொலி விட்டுப்போன அலைவரிசையில் ரஷ்யாவின் குரல் ஒலிக்கிறது என்று பிபிசியே பிறகு புலம்பியது. யாருக்கு என்ன லாபம் இதில்?

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். 2023-ல் பிபிசியின் இங்கிலாந்து உள்ளூர் வானொலி நிலையங்கள் 39-ம், பிற்பகல் 2 மணிக்கு மேல் ஒன்றோடொன்று நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டன. சொந்த ஊரின் குரல் என்று இருந்தது, பிற்பகலில் பக்கத்து மாவட்டத்தின் குரலாகிவிட்டது. 2024-ல் இரவுநேரப் புலனாய்வு நிகழ்ச்சியான நியூஸ்நைட் அரைமணி நேரமாகச் சுருங்கியது, அதன் ஆட்களில் பாதிக்கு மேல் குறைக்கப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தச் சம்பளப் பட்டியல்கூட 2017-லிருந்துதான் வெளியே வருகிறது, அதுவும் அரசு கட்டாயப்படுத்திய பிறகு. ஜெர்மனியில் பெர்லின், பிராண்டன்பர்க் மாநிலங்களுக்கான ஆர்பிபி நிறுவனத்தில் சொகுசு கார், இயக்குநர் தளத்தின் ஆடம்பர அலங்காரம் என்று கேள்விகள் கிளம்பி, 2022 ஆகஸ்டில் இயக்குநரையே பதவிநீக்க வேண்டி வந்தது. அந்தக் காரின் விலை ஒட்டுமொத்த வரவில் தூசு என்று வாதிடலாம். மாதம் 18.36 கட்டுகிறவர் அப்படிப் பார்க்கமாட்டார், பார்க்கவும் வேண்டியதில்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். எல்லோரும் கட்டுகிறார்கள், எனவே எல்லோருக்கும் ஏதாவது இருக்க வேண்டும். நடனப் போட்டியும் கால்பந்தும் இருந்தால்தான் மக்கள் நம் பக்கம் வருவார்கள், வந்தவர்கள் செய்தியையும் பார்ப்பார்கள். அவையெல்லாம் போனால் படித்தவர்கள் மட்டும் பார்க்கும் சேனலாகிவிடும், அப்போது கட்டணமே நிற்காது. இது வெறும் சாக்கு இல்லை, உண்மை இதில் நிறையவே இருக்கிறது. ஒரு நாடே சேர்ந்து ஒன்றைப் பார்த்துச் சிரிப்பதும் ஒரு பொதுப்பணிதான். நான் கேட்பது விகிதத்தை. பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர் எண்ணிக்கை என்கிற கவசம் இருக்கிறது. சின்னவற்றுக்கு எந்தக் கவசமும் இல்லை. பட்ஜெட் கூட்டத்தில் எண்ணிக்கை மட்டுமே பேசினால் சின்னவை ஒவ்வொரு முறையும் தோற்கும். நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பதே எண்ணிக்கை பேசாத விஷயங்களைப் பேசத்தானே?

இன்னொரு பக்கம், பொதுநலம் உங்கள் ஏகபோகமும் இல்லை. கணினிக் கோளாறால் நூற்றுக்கணக்கான பிரிட்டிஷ் அஞ்சலகக் கிளை நடத்துநர்கள் திருடர்களாக்கப்பட்ட அநியாயம், 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தால்தான் நாட்டையே உலுக்கியது. அதை ஒளிபரப்பியது விளம்பரத்தில் நடக்கும் ஐடிவி. ஆகவே, "நாங்கள் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது" என்று நாடகபாணியில் பேச வேண்டாம். எது நடக்காது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், போதும்.

அப்படியானால் கட்டணத்தை எடுத்துவிட்டு அரசு பட்ஜெட்டில் நடத்தலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலரே அந்தப் பக்கம் சாய்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு பில் குறையும், உண்மை. ஆனால் அதே காசு வரியாக வேறு வழியில் போகத்தான் போகிறது. உங்களுக்கோ பணம் கொடுப்பவர் ஒரே ஆள் ஆகிவிடுவார். கிரேக்கத்தில் 2013 ஜூன் 11-ல் அரசு காலையில் எழுந்து முடிவெடுத்ததுபோல், சில மணி நேரத்தில் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பான ஈஆர்டி-யின் திரைகளை இருட்டாக்கியது; இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள், திரும்பத் திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இத்தனைக்கும் அங்கே கட்டணம் கரண்ட் பில்லில் வந்துகொண்டுதான் இருந்தது. ஸ்லோவாக்கியா 2023-ல் கட்டணத்தை எடுத்தது. 2024 ஜூலையில் பழைய நிறுவனத்தையே கலைத்து, அரசுக்கும் நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கும் வசதியான குழுவோடு புதியதை உண்டாக்கியது. அமெரிக்காவில் 1967 சட்டத்தின் வழியாக வந்துகொண்டிருந்த நிதியில் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் காங்கிரஸ் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே, அந்த நிதியை நிலையங்களுக்குப் பகிர்ந்துகொடுத்த பொது ஒலிபரப்புக் கழகம் மூட்டை கட்டப்போவதாக அறிவித்தது. பெருநகர நிலையங்கள் நன்கொடையில் தாக்குப்பிடிக்கும். அலாஸ்காவின் பழங்குடிக் கிராமத்து வானொலிக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்? பிரான்ஸ் 2022-ல் 138 யூரோ கட்டணத்தை எடுத்துவிட்டு, விற்பனை வரியில் ஒரு பங்கு என்றது. அது ஒவ்வோர் ஆண்டும் வாக்குவாதத்துக்கு வழி திறந்துவிட்டது.

ஜெர்மனி யோசித்த விதம் எனக்குப் பிடிக்கும். 16 பேர் கொண்ட சுயேச்சையான ஆணையம் நிறுவனங்களின் தேவையைக் கணக்குப் பார்த்துத் தொகையைப் பரிந்துரைக்கிறது. 2020 டிசம்பரில் ஒரு மாநிலம் மட்டும் உயர்வைத் தடுத்தபோது, அப்படித் தடுக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2025 ஜனவரி முதல் 18.94 என்று ஆணையம் பரிந்துரைத்ததை மாநிலங்கள் நிறைவேற்றாமல் விட்டன, விஷயம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. குறையில்லாத ஏற்பாடு எங்கும் இல்லை. ஆனால் வருமானத்துக்கு ஏற்ற தனிக்கட்டணம், தொகையைச் சொல்லச் சுயேச்சை ஆணையம் என்ற இரண்டையும் சேர்த்தால், வீடுகளுக்கும் உங்களுக்கும் இன்றைக்கு இருப்பதைவிட நல்லது. அதை நீங்களே முன்வந்து கேளுங்கள். சில ஆண்டுகள் வரவு கொஞ்சம் குறைந்தாலும் கேளுங்கள். குற்றவியல் வழக்குகளைக் கைவிடச் சொல்லியும் நீங்களே கேளுங்கள். உங்கள் பெயரில் ஒரு தாய் நீதிமன்றப் படியேறுவதைவிட அந்த இழப்பு பெரிதல்ல.

நடுவில் ஒரு சின்ன ஆதங்கம். காசு வாங்கி எடுத்த நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்தவர்கள் பார்க்க முடிய வேண்டும். ஜெர்மனியில் 2009-ல் வந்த விதியால், பொது நிறுவனங்கள் இணையத்தில் வைத்ததைக் குறித்த காலத்துக்குப் பின் தாங்களே அழிக்க வேண்டியிருந்தது. பத்திரிகை முதலாளிகளின் நெருக்குதல். 2019-ல்தான் அது ஓரளவு தளர்ந்தது. தப்பு உங்களுடையதில்லை. ஆனாலும் உங்கள் பரணில் கிடக்கும் பழைய ஒலிநாடாக்களையும் கிராமியப் பாட்டுப் பதிவுகளையும் திறந்துவிட யார் தடையாக இருக்கிறார்கள்?

இனி வரப்போவது வெட்டுக்காலம்தான். சுவிட்சர்லாந்தில் கட்டணம் 2027-ல் 312 ஃபிராங்காகவும் 2029-ல் 300 ஆகவும் இறங்கும் என்று அரசு முடிவு செய்துவிட்டது. பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் இன்றைய சாசனம் 2027 டிசம்பர் 31-ல் முடிகிறது. மற்ற நாடுகளிலும் இதே பேச்சுத்தான். எதை மூடுவது என்கிற பட்டியல் இப்போதே உங்கள் கணினிகளில் எங்கோ தயாராகிக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டியல் முடிவாவதற்கு ஆறு மாதம் முன்பே அதை எங்களுக்குக் காட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விவரம் போதும்: இதை மூடினால் எவ்வளவு மிச்சம், இதைக் கேட்பவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது, நீங்கள் விட்டால் வேறு யாராவது இதை எடுத்து நடத்துவார்களா. பக்கத்திலேயே, மூடப்போகாதவற்றின் பட்டியலும் அதே மூன்று விவரங்களோடு இருக்கட்டும். உயர்பதவிச் சம்பளமும் விளையாட்டு ஒளிபரப்பு உரிமைக்கான தொகையும் அதில் தனித்தனி வரியாக வர வேண்டும். கருத்துச் சொல்ல அவகாசம் கொடுங்கள். வந்த கருத்துக்களையும் அவற்றுக்கான உங்கள் பதிலையும் வெளியிடுங்கள். இதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை, உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் முடிந்தது.

இப்படிக்கு,
கட்டணம் கட்டுகிறவர்களில் ஒருவன்